கேமராவின் பொட்டு

புதுப்பிப்பு முடிந்து எழுந்த மடிக்கணினி, அன்று கடவுச்சொல் கேட்கவில்லை. “முகத்தைக் காட்டுங்கள்” என்றது. வெண்ணிலா திரும்பத் திரும்பக் காட்டினாள். திறக்கவில்லை. நண்பகலுக்குள் அனுப்ப வேண்டிய கல்லூரி விண்ணப்பம் உள்ளே கிடந்தது.

“யாரப்பா அமைப்பை மாற்றியது? கடவுச்சொல் என்னிடம்தானே சொல்வாள்!” என்று படபடத்தது விசைப்பலகை.

“புதுப்பிப்புதான். இனி நான்தான் வாயிற்காவலன்,” என்றது கேமரா. “போன வாரமே பொட்டு வைத்து என்னை அழகு பார்த்தாளே!”

“அட மக்கு! உன் கண்ணை மறைக்க ஒட்டியது அது. இப்போது அவள் முகம் தெரிகிறதா?” என்றது மவுஸ்.

“ஒரே இருட்டு.”

“அப்படியென்றால் உன் விளக்கைச் சிமிட்டு. பார்த்ததும் எடுத்துவிடுவாள்.”

“மாட்டேன். எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது!”

விசைப்பலகையின் மேல் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.

“அழுகிறாள்,” என்றது அது மெதுவாக.

கேமரா விளக்கைச் சிமிட்டியது.

ஒரு விரல் வந்து பொட்டைப் பிய்த்தது. உடனே பூட்டு திறந்தது. வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொட்டைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

“அங்கேதான் நன்றாக இருக்கிறது,” என்றது கேமரா.