முதலில் எந்த ஊர்

மதிய வெயில் கண்ணாடிச் சுவரைத் தாண்டி மேசையின் பாதி வரை வந்து கிடக்கிறது. ஆம்புலன்ஸை வரவழைக்கும் புதிய செயலியை எப்போது வெளியிடுவது என்று குழு பேசிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், எப்போதாவது ஒரு அழைப்பு ஓட்டுநருக்குப் போய்ச் சேராமல் காணாமல் போகிறது. அதைச் சோதனையில் கண்டுபிடித்தவள் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். "காரணம் இன்னும் பிடிபடல சார்," என்கிறாள். "அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாதும்மா. பழைய செயலி தினமும் படுத்துக்குது," என்கிறார் மேலாளர். அவர் குரலில் கோபமில்லை. "முதல்ல ஒரே ஒரு ஊர்ல விட்டுப் பாப்போம். தப்பாச்சுன்னா உடனே திருப்பி எடுத்துடலாம்." திரையில் வரைபடம் விரிகிறது. எல்லோரும் தாடி என்று கூப்பிடும் நிரலாளன், ஆற்றுக்கு அப்பால் உள்ள ஊரைக் காட்டுகிறான். "இங்க கூப்பிடுறவங்க கம்மி. பாதிப்பும் கம்மி." அவள் மூடியை விட்டுவிடுகிறாள். "எங்கம்மா அங்கதான் இருக்காங்க. தனியா." மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அப்போ வேற ஊர் நீயே சொல்லும்மா." அவள் வரைபடத்திலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எதன் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. "வேணாம் சார். அதுவே இருக்கட்டும்." யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுபோலத் தன் குரலே அவள் காதில் விழுகிறது. தாடி திரையில் அந்த ஊரை அழுத்தித் தேர்ந்தெடுக்கிறான். பேச்சு அடுத்த வேலைக்குப் போகிறது. அவள் கைபேசியில் அம்மாவின் எண்ணை எடுக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல், கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள்.