யாருக்கு ஆகாது

அன்று அப்பா எந்தச் சொல்லைக் கேட்டு அந்த வேரிலிருந்து கையை எடுத்தார் என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா, தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை வைத்து நானே இட்டுக்கட்டியிருக்கலாம்.

கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். சிங்கப்பூரில் ஒரு சீன மருந்துக் கடையில் வாங்கிய ஜின்செங் வேரைப் பெட்டியோடு அப்பா முன்னால் வைத்தேன். உடம்புக்குத் தெம்பு தருமாம்.

எதிரே படகு முதலாளி பாலகணேஷ் அண்ணாச்சி.

மறுநாள் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கத் தொடங்குகிறார்கள். அவர் படகில் முதலில் குதிப்பவர்தான் மற்ற குளியாட்களுக்குத் தலைவர். பல வருடங்களாக அது அப்பா. இந்த முறை அவர் உடம்பு தாங்குமா என்று பார்க்கத்தான் அண்ணாச்சி வந்திருந்தார். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா வேரை எடுத்து முகர்ந்தார்.

"கடைக்காரரு சொல்லித்தான் கொடுத்தாரு," என்றேன். "காய்ச்சல், சளி இருக்கும்போது ஆகாது. பிரஷர் உள்ளவங்களுக்கு ஆகாது. மாசமா இருக்கவங்க தொடக் கூடாது. ஒரு பலவீனமும் இல்லாத ஆளுக்கும் வேண்டாமாம். வீணா சூடு ஏறும்."

நான் சொல்லி முடிக்கும்போது வேர் பெட்டிக்குள் இருந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி ஆளு நான்தாம்ல. இத அண்ணாச்சிக்குக் கொடு. நாலு படி ஏற மூச்சு வாங்குதாரு."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரிவே. நாளைக்கும் நீருதான் முதல்ல குதிக்கீரு."

பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவோடு சங்கு குளிக்கப் போகும் தம்பி பெவினுக்கு என்னைவிட.

அண்ணாச்சி தெரு தாண்டும்வரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டாவதா சொன்னியே, பிரஷரு. உங்கப்பா மாசக்கணக்கா மாத்திரை போடுதாருல."

காலையில் கரையில் எல்லாக் குளியாட்களும் நின்றார்கள். அண்ணாச்சியும் நின்றார். அப்பா கடலுக்குள் போடும் தன் முகக் கண்ணாடியைப் பெவின் கையில் வைத்தார்.

"முதல்ல நீ குதில. என் இடம், நான் தாரேன்."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அதற்குள் படகைத் தள்ளத் தோள் கொடுத்திருந்தார்.

அதன்பிறகு அவர் சங்கு குளிக்கவில்லை. பெவின்தான் இப்போது அந்தப் படகின் தலைவன். அண்ணாச்சி இன்னொரு படகு வாங்கிவிட்டார். நான் இன்னும் கப்பலில். அம்மா சுகம். அப்பாவும் சுகமாக இருக்கிறார். மாத்திரையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுகிறார்.

அண்ணாச்சிக்கு இன்றுவரை தெரியாது.