சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு ஆட்டம்

எழுத்தர் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கையை விட்டபோது என் கைபேசி அதிர்ந்தது. மறுபடியும் என் மகன் லூர்துதான்.

எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? அந்த டப்பாவுக்குள் அவன் பெயரும் கிடக்கிறது.

இந்த மாதம் எங்கள் வார்டிலிருந்து பர்மியப் பட்டாளத்துக்கு இரண்டு பேர் வேண்டுமாம். வார்டு அலுவலகக் குடும்பப் பட்டியலைப் பார்த்து, பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குகிறார்கள். பெற்றவர்கள் வந்து கண்ணால் பார்க்க வேண்டுமாம். நல்ல நியாயம்!

லூர்துவுக்கு அது தெரியாது. காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளப்பின் கால்பந்து இறுதி ஆட்டம். அதே மூன்று மணிக்கு பேட்மிண்டன் ஜோடி ஆட்டம். பேட்மிண்டனுக்குப் போனால் கால்பந்து கோச்சு கமால் அணியிலிருந்து தூக்கிவிடுவார். கால்பந்துக்குப் போனால் ஜோடிக்காரப் பையன் முகத்தில் விழிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு வேறு.

ஒரு பிள்ளைக்கு எத்தனை ஆட்டம், எத்தனை பாட்டு! எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டவள் நான். யாரை நோவது?

முதல் சீட்டு, அடுத்த தெருவில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்பவரின் மகன். அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

நம் பிள்ளை இல்லை என்று மூச்சு விட்டேன். பாவம்தான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இரண்டாவது சீட்டை எழுத்தர் பிரித்தார். “ஸோ லின்.”

வீட்டுக்கு லூர்து. காகிதத்தில் பர்மியப் பெயர், ஸோ லின்.

பக்கத்து வீட்டு ராணி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏசுவே, ஏசுவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் அவனே வந்து நின்றான். கிளப் சட்டை, கையில் பூட்ஸ், முதுகில் மட்டை. பாவி, இங்கே எதற்கடா வந்தாய்!

“போனை எடுக்க மாட்டீங்களாம்மா? ஆறு மணிக்குள்ள கோச்சுக்குச் சொல்லணும், ஃபுட்பாலா பேட்மிண்டனான்னு.”

எழுத்தர் தலையைத் தூக்கினார். நீதான் ஸோ லின்னா என்று பர்மிய மொழியில் கேட்டார். அவன் தலையாட்டினான்.

அவர் அவனுடைய குச்சிக் கால்களைப் பார்த்தார். மீசை இன்னும் வராத உதட்டைப் பார்த்தார். உண்மையில் உனக்கு என்ன வயது என்று மெதுவாகக் கேட்டார். நோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மனிதர் வழி விடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

வாயைத் திறந்தேன். அதற்குள் லூர்து என்னைப் பார்த்தான். பயப்படாதீங்கம்மா என்கிற பார்வை.

பதினெட்டு என்றான், தெளிவாக.

இல்லை, பதினாறுதான் என்று கத்தினேன். இந்த அறையில் எந்தத் தாயும் அப்படித்தான் கத்துவாள். எழுத்தர் என்னைப் பார்க்காமல் எழுத ஆரம்பித்தார்.

பதினாறுதான். சத்தியமாகப் பதினாறுதான்.

பத்து வயதில் கிளப்பில் சேர்க்கப் போனேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில்தான் பயிற்சி. அது பூசை நேரம். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்குச் சனிக்கிழமை. பந்தும் வேண்டும், பாட்டும் வேண்டும் என்று அழுதான். தெரிந்த ஆளைப் பிடித்துக் குடும்பப் பட்டியலில் இரண்டு வயதைக் கூட்டினேன்.

யார் கேட்டாலும் கூட்டிய வயதைத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று என் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன்.

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் மாற்றிச் சொன்னதில்லை.