இரண்டு அம்புகள்

கரண்ட் போனதும் அண்ணனும் தங்கையும் ஜெனரேட்டரைப் பார்க்க வெளியே ஓடினார்கள். ஒருவர் போயிருந்தால் போதும். ஆனால் மற்றவர் தனியாகப் போய் என்ன செய்துவிடுவாரோ என்ற சந்தேகம் இருவருக்கும். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது. யாராவது போய்க் கையால்தான் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும்.

தமயந்தி கதவை உலுக்கினாள். அசையவில்லை. பேட்டரியில் ஓடும் பூட்டு; யாரை உள்ளே விடுவது என்பதை வீட்டின் கணினிதான் முடிவு செய்யும். போனில் வீடு ஒரு படத்தைக் காட்டியது. குடும்பத்தார் எழுதிவைத்த விதிகளைப் படித்து, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று வீடே வரையும் படம். அதில் இரண்டே பெயர்கள், இரண்டே அம்புகள். மாசிலாமணி உள்ளே இருந்தால்தான் தமயந்தி நுழையலாம். இது அண்ணன் எழுதியது. தமயந்தி உள்ளே இருந்தால்தான் மாசிலாமணி நுழையலாம். இது அவள் எழுதியது. வீடு யாருக்கு என்ற சண்டை முற்றிய வாரத்தில் எழுதியவை. ஒருவர் பெயரையே நீக்க, உள்ளே இருப்பவரால்தான் முடியும்.

"நீ எழுதினதை அழிண்ணா!"

"நீ அழி. நான் அழிச்சா நீ தனியா உள்ள போய் என் பேரையே தூக்கிடுவே."

அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டுவது ஜன்னல் வழியே கேட்டது. தட்டல் தளர்ந்துகொண்டே போனது.

தமயந்தி அழித்தாள். கதவு திறந்தது. மாசிலாமணி பாய்ந்து உள்ளே போனான். அவன்தான் உள்ளே இருக்கிறானே என்று அவளும் பின்னாலேயே ஓடினாள். கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

போனைப் பார்த்தாள். படத்தில் அவள் பெயர் இல்லை.

அதற்குப் பிறகுதான் உள்ளே சிலிண்டர் திறக்கும் சீறல் கேட்டது.