கொம்பில் விளைந்த ராகி

“திருட்டுன்னா சும்மா திருட்டில்லய்யா, பட்டப்பகல் திருட்டு!”

தலையில் இருந்த விறகுக் கட்டைப் பொத்தென்று வாசலில் போட்டாள் மாரம்மா.

கரியப்பன் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். “நம்ம வூட்ல திருட என்னா இருக்குது?”

“நம்ம தட்டி! பெரிய வூட்டு ஜோதியம்மா அதப் பாத்து அப்படியே செய்யறாங்களாம். பக்கத்து வூட்டு கெம்பம்மா கண்ணால பாத்துட்டு வந்து சொல்றா.”

மறுநாள் உத்தனப்பள்ளியில் எருது விடும் திருவிழா. காளையின் கொம்புகளுக்கு நடுவே மூங்கில் தட்டி கட்டி, அதில் வண்ணக் காகிதம் ஒட்டி ஓட விடுவார்கள். யார் வீட்டுத் தட்டி அழகு என்பதுதான் அடுத்த திருவிழா வரைக்கும் ஊரில் பேச்சு.

கூலிக்காரர் தெருவிலிருந்து ஒரு காளை ஓடப்போவது இதுதான் முதல் தடவை. கன்றாகப் பிடித்து வந்து, தங்கள் கஞ்சியில் பாதியை ஊற்றி வளர்த்திருந்தார்கள் இருவரும். காளை தயார். காகிதம் வாங்கத்தான் வழியில்லை.

அந்தக் கவலையோடுதான் மாரம்மா போன வாரம் களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கதிர் ஏனோ கண்ணில் பட்டது. கைக்குழந்தை விரல்களை மடக்கி வைத்திருப்பது போல இருந்தது அது. அட, எவ்வளவு அழகு! பிறந்ததிலிருந்து கூடவே கிடக்கிற கதிர்தான். நின்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

வீட்டுக்கு வந்து பழைய சேலையைக் கிழித்தாள். பாதியை மஞ்சளில் தோய்த்தாள், மீதியைக் காவியில். முறுக்கி, நுனியைச் சுருட்டி, கொத்துக் கொத்தாகத் தட்டியில் வைத்துத் தைத்தாள். தட்டி முழுக்க ராகி விளைந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது.

நேற்று ஜோதியம்மாளும் வந்தாள். பெரிய நிலக்காரர் வெங்கடப்பனின் மனைவி. தெருமுனையில் நின்று வெகுநேரம் பார்த்தாள். “எப்படி மாரம்மா முறுக்கினே?” என்று கேட்டாள். மாரம்மாவும் பூரித்துப்போய் முறுக்கிக் காட்டித் தொலைத்தாள்.

“அவங்களுக்கு பெங்களூர்லேர்ந்து ஜிகினாக் காயிதம் கட்டுக் கட்டா வந்து கெடக்குது. அத வுட்டுட்டு நம்ம கந்தலுக்கு வர்றாங்களே!”

“போவுது வுடு. நல்லா இருக்குதுன்னுதானே செய்யறாங்க?”

“மொதல்ல ஓடறது அவங்க மாடுய்யா. பெரிய வூட்டப் பாத்து மாரம்மா செஞ்சான்னுதான் ஊரு பேசும்!”

மாரம்மா விடுவிடுவென்று பெரிய வீட்டுக்கு நடந்தாள்.

கொல்லையில் உட்கார்ந்து ஜோதியம்மாள் ஒரு பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பாதித் தட்டி தைத்தாகிவிட்டது. தையல் கோணல்மாணலாக இருந்தது.

“அம்மா, இது என் வேலங்க.”

“ஆமா, உன்னுதுதான். இந்த நுனி சுருள மாட்டேங்குது பாரு. நீ எப்படிச் சுருட்டினே?”

எடுத்ததும் இல்லாமல் சொல்லிக்கொடு என்று வேறு கேட்கிறாளே!

“உங்களுக்குக் கெடைக்காத காயிதமாங்க? எங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இத வுட்டுடுங்கம்மா.”

ஜோதியம்மாளின் கை ஒரு கணம் நின்றது.

“முடியாது மாரம்மா. நாளைக்கு எங்க மாடு இதத்தான் கட்டிக்கிட்டுப் போவும். நீயும் கோவத்துல உன்னுத அவுத்துப் போட்டுடாதே. அதையே கட்டிக் கூட்டிக்கிட்டு வா.”

மாரம்மா திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அழுகை.

மறுநாள் தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். வழக்கப்படி பெரிய வீட்டுக் காளைதான் முதலில் பாய்ந்தது.

“கொம்புல ராகி வெளஞ்சிருக்குதுடா!” என்று விசில் பறந்தது. தனக்கு வரவேண்டிய விசில் என்று மாரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தடுத்து ஜிகினா மின்ன மற்ற காளைகள் ஓடின. கடைசியில் கரியப்பனின் காளை வந்தது.

ஊர்க் கவுண்டர் எல்லப்பன் சைகை காட்டினால்தான் மாட்டை அவிழ்த்துவிடலாம். அவர் கம்பைக் குறுக்கே நீட்டினார். தட்டியைப் பார்த்தார். பெரிய வீட்டுக் காளை போன திசையைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். கம்பு மெல்ல இறங்கியது.

“ம்... வுடு!”

காளை பறந்தது. கூலிக்காரர் தெரு மொத்தமும் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடியது. கரியப்பன் சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை.

மாரம்மா மட்டும் ஓடாமல் அங்கேயே நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற எல்லப்பன், பக்கத்தில் இருந்த வெங்கடப்பனிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

“என்னாப்பா இது? கந்தல் கட்டின மாடு சாமி முன்னாடி ஓடக் கூடாது, அந்தத் தெரு மாட்டத் திருப்பி அனுப்பிடலாம்னு முந்தாநேத்து உன் வூட்ல உக்காந்துதானே முடிவு பண்ணோம்? இன்னிக்கு உன் மாடே கந்தலக் கட்டிக்கிட்டு மொதல்ல போவுது. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அத நிறுத்தறது?”

வெங்கடப்பன் பெண்கள் கூட்டத்தில் நின்ற தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நாம முடிவு பண்றப்ப, மோர் கொண்டாந்து குடுத்தது யாருன்னு யோசிச்சுப் பாரு கவுண்டரே.”