அட்டைப் பூனை

திருவரங்குளத்து வீட்டின் கூடத்தில் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து அட்டைப் பூனையின் முதுகில் விழுகிறது. பரிமளா யூடியூப் பார்த்துச் செய்தது. இதற்கு முன் செய்தவை அசையவே இல்லை. இதன் நெற்றியில் சென்சார், கழுத்துக்குள் சின்ன மோட்டார். கையை நீட்டினால் அந்தப் பக்கம் தலை திரும்ப வேண்டும். குவைத்தில் தன்னுடன் வேலை பார்த்தவன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்ததைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவள் கணவன் ரகுநாத், வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். “கைய நீட்டுங்களேன்,” என்கிறாள். நீட்டுகிறான். பூனை கிர்ரென்று திரும்பி அவனைப் பார்க்கிறது. பிறகு அதன் தலை நடுங்கத் தொடங்குகிறது. பரிமளா ஒயர்களை அழுத்திப் பார்க்கிறாள், நடுக்கம் நிற்கவில்லை. ரகுநாத் பூனையின் கழுத்தை விரல்களால் மெல்லச் சுற்றிப் பிடிக்கிறான். “பயப்புடுது. ஆஃப் பண்ணிரு,” என்கிறான். குரல் கரகரக்கிறது. இந்தக் குரலைத் திரும்பக் கேட்டால் அழுதுவிடுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. பேட்டரியைக் கழற்றுகிறாள். மோட்டார் ஓய்ந்து மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. “சோறு எடுத்து வைக்கவாங்க?” என்கிறாள். அவன் பூனையின் கழுத்திலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.