ஒரு கையெழுத்துக் குறையுது

"ஒரு கையெழுத்து இன்னும் வரேல்லையாம் அண்ணை," என்றபடியே குலேந்திரன் நிலவறைக்குள் வந்தார்.

தோய்க்கும் மெசினுக்கு முன்னால் குனிந்து நின்ற பாலேந்திரன் நிமிர்ந்தார். கட்டடத்துக்கே பொதுவான அந்த மெசின் அன்றைக்கு அவருடைய முறை. சுவிஸின் ஊஸ்டர் நகரத்தில் ரயில் பாதையோரம் இருந்த அந்த ஆறு வீட்டுக் கட்டடத்தில் தமிழர் என்று இவர்கள் இரண்டு குடும்பம்தான். பாலேந்திரனை இப்போது குடும்பம் என்றும் சொல்ல முடியாது. மனைவி இறந்த பிறகு கீழ் வீட்டில் தனியாக இருந்தார்.

"ஆருடையதாம்?"

"கட்டடத்தைப் பராமரிக்கிற ஒஃபிசிலை பேர் சொல்ல மாட்டினமாம். அது அவரவற்றை சொந்த விசயமாம்."

வீடுகள் அவரவருக்குச் சொந்தம். அடியில் இருந்த நிலம் மட்டும் ஒரு விவசாயக் குடும்பத்தினுடையது. நிலக் குத்தகை முடிய இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. முடிந்தால் கட்டடமும் நிலத்தோடு அவர்களிடம் போய்விடும். நீண்ட காலம் இழுத்தடித்துவிட்டு, இந்த வருடம்தான் குத்தகையை நீட்டிக்கச் சம்மதித்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, ஆறு வீட்டுக்காரரும் ஒக்டோபர் முடிவதற்குள் கையெழுத்து வைத்து அந்த ஒஃபிசுக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் விட்டாலும் பேச்சு முடிந்தது.

ஹோட்டல் குசினிகளில் கை வெந்து சேர்த்த ஓய்வூதியம் முழுவதையும் குலேந்திரன் அந்த வீட்டில்தான் போட்டிருந்தார். குத்தகை நீடிக்காவிட்டால் வீட்டுக் கடனைப் புதுப்பிக்க மாட்டோம் என்று வங்கி சொல்லிவிட்டது.

அதனால்தான் அவர் செப்டம்பரிலேயே கோட் போட்டு, மனைவி ஞானேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு, ஒரு தட்டு பொரித்த றோல்ஸோடு, கையெழுத்துக் கேட்டுப் படியேறி இறங்கினார். சுவிஸ்காரர்கள் வாசலில் நின்றபடியே தட்டை வாங்கிக்கொண்டு, இதற்காகவா நேரில் வந்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள்.

"கலியாணத்துக்குச் சொல்லுறது மாதிரிப் போய்ச் சொன்னனான் அண்ணை."

"எல்லா வீட்டுக்கும் போனீரோ?"

"ஓம். ஒரு வீடு விடேல்லை."

பாலேந்திரன் சவர்க்காரத் தூளை மெசினுக்குள் போட்டு மூடியை அழுத்தினார்.

மேல் மாடிச் சுவிஸ் கிழவி எக்லியின் வேலையாகத்தான் இருக்கும் என்று குலேந்திரன் தானே முடிவுகட்டினார். கறி மணக்கிறது என்று படிக்கட்டில் துண்டுக் கடதாசி ஒட்டியவள் அவள். தாங்கள் இந்தக் கட்டடத்தில் இருப்பதே அவளுக்குக் கண்ணில் குத்துகிறது என்று பொரிந்தார்.

"ஆருக்கு என்ன மனநோவோ," என்றார் பாலேந்திரன். "நொந்த ஆளை நேரை போய்ப் பாரும் தம்பி. இன்னும் நாள் கிடக்குத்தானே."

அந்த நேரம் ஞானேஸ்வரி உடுப்புக் கூடையோடு கீழே வந்தாள். பாலேந்திரனைக் கண்டதும், வீடுகளுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய றோல்ஸ் குளிர்ப்பெட்டியில் கிடக்கிறது, பொரித்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அது வீடுகளுக்கெண்டு செய்தது."

"நீங்கள் எங்கடை ஆள்தானே அண்ணை," என்று குலேந்திரன் சிரித்தார்.

அன்று பின்னேரமே அவர் ஞானேஸ்வரியோடு மேல் மாடிக்குப் போனார். கறி மணத்துக்காக எக்லியிடம் மன்னிப்புக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம் என்றார். இனிமேல் ஜன்னலைப் பூட்டிவிட்டுத்தான் சமைப்போம் என்றார். கிழவி அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டு, நல்லது என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். படியிறங்கும்போது ஞானேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொந்த வீட்டில் சமைப்பதற்கும் காலில் விழ வேண்டியிருக்கிறது என்றாள்.

ஒக்டோபர் முடிந்தது. அந்தக் கையெழுத்து வரவேயில்லை. நிலத்துக்காரர் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பரில் ஒருநாள் குலேந்திரன் நிலவறைக்குப் போனபோது, எக்லி மனிசி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாலேந்திரன் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். குலேந்திரனால் அடக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஜெர்மனில், உனக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டார்.

கிழவிக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. அவர் தட்டோடு வந்த அன்றைக்கே தான் கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இந்த வயதில் தனக்கும் வேறு வீடு இல்லை என்றாள். துணிகளை மடிக்காமலே அள்ளிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

குலேந்திரன் தோய்க்கும் மெசினில் சாய்ந்து நின்றார்.

"அவளும் வைச்சிட்டாளாம். மற்ற மூண்டு பேரும் என்ரை கண்ணுக்கு முன்னாலை வைச்சவை. அப்ப ஆரண்ணை?"

பாலேந்திரன் விரிப்பின் நுனிகளை ஒன்றோடொன்று சரிபார்த்து மடித்தார்.

"நான்தான்."

குலேந்திரன் மெசினை விட்டு நிமிர்ந்தார். "உங்கடை வீடும் எல்லோ போகுது?" என்றார்.

"போகுதுதான்." பாலேந்திரன் விரிப்பைக் கூடையில் வைத்தார். "அவைக்கெல்லாம் கோட் போட்டு, மனிசியையும் கூட்டிக்கொண்டு போனீர். எனக்கு வாட்ஸ்அப்பிலை ஒரு வரி போட்டு விட்டீர்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியருகே போனவர், திரும்பாமலே சொன்னார்.

"என்ரை வீட்டுக்கும் ஒரு கதவு இருக்குது தம்பி."